அஞ்சடுக்குப் பூட்டு

ஏறுகாய் ஆட்டத்தைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய இருபத்தாறு பேரும் ‘நான்தான்’ என்பார்கள். அத்தனையும் பொய். கண்டுபிடித்தது சந்தியாகு அண்ணாச்சி. அதில் ஐந்தடுக்கு விதியைச் சேர்த்தது நான், இன்பென்டா. இந்த இரண்டையும் விசாரணைக் குழுவிடமும் சொல்லிவிட்டேன். அதனால் இங்கே மறைக்க ஒன்றுமில்லை.

ஆட்டம் எளிது. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டுக்கொள்வோம். காய்கள் தண்ணீர் பாட்டில் மூடிகள். ஒருவருக்கு நீலம், ஒருவருக்கு வெள்ளை. பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் மூடியின்மேல் உங்கள் மூடியை ஏற்றலாம். ஏற்றினால் அந்த அடுக்கு உங்களுடையது. உச்சியில் யார் நிறம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், கீழே கிடப்பவை எல்லாம் கைதிகள். உச்சி மூடி வேறு கட்டத்துக்கு இறங்கிப் போனால் அதற்குக் கீழே இருந்தது உயிர்பெற்று எழும். கடைசியில் யாரிடம் அதிக அடுக்கு இருக்கிறதோ அவருக்கு வெற்றி. "நாள் முழுக்கப் பெட்டிமேல பெட்டி அடுக்கிட்டு, சாப்பாட்டு நேரத்துலயும் அதேதானா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர், வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறவர். அதைச் சுட்டிக் காட்டியதும் கேலி நின்றது.

ஒரே சிக்கல், ஆட்டம் முடியவே முடியாது. ஏறுவதும் இறங்குவதுமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதற்குள் சங்கு ஊதிவிடும். ஒருநாள் எரிச்சலில் நான்தான் சொன்னேன்: "அஞ்சு ஏறிட்டா அந்த அடுக்குப் பூட்டு. ஆட்டம் முடியுற வரைக்கும் அதை எவனும் தொடக் கூடாது." எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து ஆட்டம் அரை மணியில் முடிந்தது.

பிறகு ஒரு கம்பெனி வந்தது. கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கும் வேலையை மனிதரில்லாமல் தானே செய்யும் இயந்திர மூளை ஒன்றைச் செய்கிறார்களாம். அதற்குப் பயிற்சி கொடுக்க நல்ல அடுக்கல் மூளைகள் வேண்டுமாம். ஓய்வறையில் ஒரு திரையை வைத்து, "அட்டைக்குப் பதில் இதில் ஆடுங்கள்" என்றார்கள். ஓய்வறைப் பொறுப்பாளர் என்ற முறையில் இருபத்தாறு பேருக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட்டேன். ஒருவரையும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு மிக்ஸி கொடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஒன்பதாயிரம் ஆட்டங்கள் பதிவாயின. அடுத்த வருடம் கிரேன்களின் உச்சியிலிருந்த ஓட்டுநர் அறைகளைக் கழற்றி இறக்கினார்கள். இருபத்தைந்து பேருக்கு வேலை போனது, ஒருத்திக்குக் கட்டுப்பாட்டு அறையில் நாற்காலி கிடைத்தது. அந்த ஒருத்தி யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்த புது மூளைக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்த நாள் முதல் வீடே அதன் சொல்படி நடந்தது, அதனால் அந்தப் பெயர். வேலையில் குறை சொல்ல முடியாது. நாலு வருடத்தில் ஒரு பெட்டியைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை.

சந்தியாகு அண்ணாச்சி ஒப்பந்தக் கூலியாகத் திரும்பி வந்தார். பழைய காலிப் பெட்டிகளில் ஓட்டை அடைக்கிற வேலை. இருபது வருடம் வானத்தில் உட்கார்ந்து நாற்பது டன்னைப் பூப்போல இறக்கிய மனிதர், சுத்தியலும் தகரத் துண்டுமாகத் தினமும் காலையில் என் ஜன்னலுக்குக் கீழே நடந்து போவார். நிமிர்ந்து பார்க்க மாட்டார். நாலு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் அவரும் அந்த வழியாகப் போனார்.

மே மாதம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே முக்கால். அவரோடு வேலை செய்கிற பாக்கியம் கட்டுப்பாட்டு அறைக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, சந்தியாகு அண்ணாச்சியக் காணல."

"டீக்கடையில பாத்தியா?"

"டீக்கடைக்கு நாந்தான் போனேன். அவிய பெட்டிக்குள்ள இருந்தாவ. திரும்பி வந்து பாக்கேன், பெட்டியே இல்ல. யார்டு பூரா ஓடித் தேடிட்டு வாரேன்."

ஓட்டை அடைத்தபின் வெளிச்சச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒருவர் பெட்டிக்குள் போவார், இன்னொருவர் வெளியிலிருந்து கதவைச் சாத்துவார். உள்ளே கும்மிருட்டில் நின்று எங்காவது ஊசிமுனை வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.

"பெட்டி ரெடின்னு அமுக்கினது யாரு?"

"அவியதான். முன்னாடியே அமுக்கிட்டுத்தான் உள்ள போனாவ. எப்பவும் அப்படித்தானக்கா? மாப்பிள்ள வர இருவது நிமிசம் ஆவும். இன்னைக்கு நான் அந்தப் பக்கம் போனதுமே வந்து தூக்கிட்டுப் போயிருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "கதவச் சாத்தினது நாந்தான்க்கா."

முன்கூட்டியே ‘ரெடி’ அமுக்குவது தப்பு. அமுக்காவிட்டால் ஒருநாளைக்கு இத்தனை பெட்டி என்று ஒப்பந்தக்காரர் கேட்கும் கணக்கு எட்டாது. எல்லோரும் செய்வார்கள், செய்வது எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பெட்டியின் எண்ணைத் தட்டினேன். டி பிளாக், பதினேழாம் வரிசை, தரையில். காலிப் பெட்டி மாதக் கடைசியில்தான் கப்பல் ஏறும் என்பதால் மாப்பிள்ளை அதை அடியில் வைத்து, மேலே நாலு பெட்டியை ஏற்றியிருந்தது. வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் மே மாதத்து நண்பகலில் எவ்வளவு சூடு இருக்கும் என்று துறைமுகத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘டி பதினேழு, அடிப்பெட்டி, உடனே’ என்று கட்டளை கொடுத்தேன். திரையில் பதில் வந்தது: வழி இல்லை.

மறுபடி கொடுத்தேன். வழி இல்லை.

மேலாளர் திரவியம் சாரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், ஆனால் எதற்கும் முதலில் பயப்படுவார். ஓடி வந்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கேஸ் கட்டர் வச்சு வெட்டிரலாமா?"

"ரெண்டு பக்கமும் தீப்பெட்டி லோடு சார். கோவில்பட்டிச் சரக்கு. ஒரு பொறி பறந்தா பிளாக்கே போயிரும்."

"கதவத் திறந்தா?"

"கதவுக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவுல நாலு விரல் இடம்கூட இல்ல. திறக்காது."

"வெளிய இருந்து கிரேன் வரச் சொல்லுவோம்."

"நடு பிளாக் வரைக்கும் அதுக்குக் கை எட்டாது. நம்ம கிரேன்தான் எடுக்கணும். நம்ம கிரேன்ல உக்காந்து ஓட்ட அறை இல்ல. மாப்பிள்ளைய நிறுத்தினா பிரேக் பூட்டிக்கிடும், திரும்ப ஓட ஒருநாள் ஆகும். அது மனசு வச்சாத்தான் உண்டு."

கம்பெனியின் பொறியாளர் சுதர்சனன் சென்னையிலிருந்து திரையில் வந்தார். முப்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது, ஆனால் கை நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், அது உங்க கட்டளைய மறுக்கல. அந்தப் பெட்டிய எடுக்கிற மாதிரி ஒரு நகர்வு இருக்குன்னே அதுக்குத் தெரியல. ஏன்னு எனக்குப் புரியல."

"நீங்க செஞ்சதுதான?"

"நாங்க செஞ்சதுதான். ஆனா உள்ள என்ன கத்துக்கிச்சுன்னு எங்களால வரிவரியாப் படிக்க முடியாது."

இதற்குள் பாக்கியம் அங்கே நிற்கவில்லை. ஒல்லியான பெண். கையில் வாக்கி டாக்கியோடு, வரிசைகளுக்கு நடுவிலிருந்த ஒரு முழ இடுக்குக்குள் பக்கவாட்டில் நுழைந்து பதினேழாம் வரிசைக்கே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கரகரத்தது.

"அக்கா, உசுரோட இருக்காவ! நான் தட்டினா திருப்பித் தட்டுதாவ!"

"பேசுதாவளா?"

"ஒண்ணும் வெளங்கல. தட்டுதாவ, அவ்வளவுதான். அஞ்சு அஞ்சாத் தட்டுதாவக்கா. அஞ்சு தட்டுதாவ, நிறுத்துதாவ, திருப்பியும் அஞ்சு."

சந்தியாகு அண்ணாச்சி ஓர் அடிகூட வீணாக அடிக்காதவர். ஆட்டத்திலும் அப்படி, சுத்தியலிலும் அப்படி. மூச்சு முட்டும் சூட்டில் அவர் எண்ணித் தட்டுகிறார் என்றால் அது எனக்குச் சொல்லும் செய்தி.

"சுதர்சனன் தம்பி, நாலு வருசத்துல மாப்பிள்ள அஞ்சடுக்க எத்தன தடவ பிரிச்சிருக்கு? உள்ள இருக்க பெட்டிய வெளிய எடுக்கதுக்கு?"

"நிறைய இருக்கும். இருங்க." தேடினார். மறுபடி தேடினார். "பூஜ்யம். மேடம், ஒரு தடவைகூட இல்ல. அஞ்சடுக்கு முழுசாக் கப்பலேறும்போது மட்டும்தான் தொட்டிருக்கு. நடுவுல எப்பவும் இல்ல."

"அத்தன பெட்டி வந்து போற இடத்துல இது எப்படி எங்க கண்ணுல படல?" என்றார் திரவியம் சார்.

"தேவைப்படலையே சார். எந்தப் பெட்டி கடைசியாப் போகும்னு அது முன்கூட்டியே கணிச்சு அடியில வச்சிரும். அதுக்குத்தான போன வருஷம் விருது வாங்கினோம்."

நான் அவருக்கு எங்கள் ஐந்தடுக்கு விதியைச் சொன்னேன். சாப்பாட்டு மணி, சங்கு, என் எரிச்சல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாயிரம் ஆட்டத்தில் ஒன்றில்கூட யாரும் பூட்டிய அடுக்கைத் தொட்டதில்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதை உலக நியதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சோற்று நேரத்துக்குள் ஆட்டத்தை முடிக்க நான் போட்ட பூட்டு இப்போது ஒரு மனிதன்மேல் கிடந்தது.

"அந்த விதிய இப்ப எடுக்க முடியுமா?"

"தனியா வெட்டி எடுக்க முடியாது மேடம். மறுபடி பயிற்சி கொடுக்கணும். மூணு நாள்." குரல் உடைந்தது அவருக்கு. "ஆட்டத்துல அந்தப் பூட்டு எப்பத் திறக்கும்?"

"ஆட்டம் முடிஞ்சா."

"ஆட்டம் எப்படி முடியும்?"

"நகர்த்த இடமே இல்லாமப் போகணும். இல்லன்னா ஒருத்தன் கை கொடுக்கணும், தோத்துட்டேன்னு."

அவர் பழைய குறிப்புகளைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதுக்கு எதிராளி யாருன்னு தெரியுமா மேடம்? நீங்கதான். ஒரு பெட்டிய லாரியோ கப்பலோ கேட்டா அது உங்க மூடி. யாரும் கேக்காத பெட்டி அதோட மூடி. ஒவ்வொரு பிளாக்கும் ஒரு பலகை. நாலு வருஷமா அது உங்களோட ஆடிட்டுதான் இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

நான் தோற்றதே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறையத் தோற்றிருக்கிறேன். ஆனால் கடைசி மூடி நகரும்வரை ஆடித்தான் தோற்பேன். பாதியில் கை கொடுத்ததே இல்லை. அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அன்றைக்கு அந்தத் திமிரை ஒரு நொடிகூட யோசிக்காமல் விட்டேன். சுதர்சனன் பழைய சோதனைத் திரையைத் தோண்டி எடுத்தார். அதில் ‘கை கொடு’ என்ற பொத்தான் அப்படியே இருந்தது. டி பிளாக்கைத் தேர்ந்து அமுக்கினேன்.

ஏற்கப்படவில்லை, என்று வந்தது.

திரவியம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது, அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற சிரிப்பு. "சார், நான் ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன். அதான் ஒத்துக்கல."

"என்னம்மா சொல்ற?"

"ஜெயிக்கிறவன் கை கொடுத்தா அது எதிராளிக்குப் பிச்ச போடுற மாதிரி. எங்க கூட்டத்துல அத ஏத்துக்க மாட்டாவ. சந்தியாகு அண்ணாச்சிகிட்ட ஒருத்தன் அப்படிக் குடுத்ததுக்கு மூடியெல்லாம் அள்ளி வெளிய வீசிட்டாவ. மாப்பிள்ளையும் அதத்தான் பண்ணுது. டி பிளாக் உச்சியில கிடக்கது அத்தனையும் இன்னைக்குக் கப்பல் ஏறப்போற பெட்டி, அறுவத்திரண்டு. எல்லாம் என் மூடி. அதுல பாதிக்கு மேல கேக்கலைன்னு ஆக்கணும். அப்பத்தான் நான் தோக்கிறவ."

கேட்காத பெட்டி கப்பல் ஏறாது. கப்பல் இரண்டு மணிக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். அந்தக் கப்பல் நிறுவனம் எங்கள் துறைமுகத்துக்கு வருவது அதுவே முதல் தடவை. முதல் தடவையே பாதிச் சரக்கைக் கரையில் விட்டால் மறுபடி வராது. கப்பல் வராவிட்டால் லாரிக்காரர் முதல் டீக்கடைவரை அடிபடும். பதிவை ரத்து செய்ய மேலாளரின் கட்டைவிரல் ரேகை வேண்டும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக.

"ரெண்டு வருசமா நடையா நடந்து புடிச்ச கப்பல்மா இது," என்றார் அவர். யாரிடமும் சொல்லவில்லை, காற்றில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கவரு எவ்வளவு நேரம் தாங்குவாரு?"

"தெரியல சார்."

"தெரியாதுல்ல? பெறகு நான் எதுக்கு அதக் கேட்டுக்கிட்டு நிக்கேன்," என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பெட்டிக்கும் திரை கேட்டது: உறுதியா? அவர் விரலை வைத்தார். உறுதியா? விரலை வைத்தார். எதற்கும் முதலில் பயப்படுகிற மனிதர் என்று சொன்னேனே, அன்று அந்த விரல் ஒரு பெட்டிக்கும் தயங்கவில்லை. வேர்வையில் ரேகை பதியாமல் போனபோது மட்டும் வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

பதினைந்தாவது பெட்டி போனதும் மாப்பிள்ளை விழித்துக்கொண்டது. எதிராளி பலவீனப்படுகிறான் என்று மோப்பம் பிடித்து, கிரேனை விரட்டி என் பெட்டிகளின்மேல் தன் பெட்டிகளை ஏற்ற ஆரம்பித்தது. ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வந்து, ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டத்தைப் பிடிக்கிற அந்த ஓட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடம் அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அது சந்தியாகு அண்ணாச்சியின் கை. உள்ளே அவர் மூச்சுக்குத் தவிக்க, வெளியே அவருடைய ஆட்டம் என்னைத் துரத்தியது. ஒரு மனிதரை இப்படியா பிரித்து வைத்தோம் என்று என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அக்கா," பாக்கியத்தின் குரல். "இப்ப மூணுதான் தட்டுதாவ."

"நீ தட்டிக்கிட்டே இரு. விட்டுராத."

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. திரவியம் சார் உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை வைத்தார். முப்பதாவது போனதும் நான் பொத்தானை அமுக்கினேன். ஏற்கப்படவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அமுக்கினேன்.

ஏற்கப்பட்டது. நன்றாக ஆடினீர்கள்.

அந்தக் கடைசி வரி கம்பெனிக்காரர்கள் யாரோ மரியாதைக்குச் சேர்த்தது. அதைப் படித்ததும் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

‘டி பதினேழு, அடிப்பெட்டி, உடனே’ என்று கொடுத்தேன். திரை சொன்னது: பதினோரு நிமிடம். கிரேன் திரும்பியது. பாக்கியத்தை வெளியே வரச்சொன்னேன், வர மாட்டேன் என்றாள், வைதேன், வந்தாள். முதல் பெட்டி போனது, இரண்டாவது போனது. வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பெட்டி தூக்கியிருக்கிறேன், அந்த நாலு பெட்டிபோல ஒன்றும் மெதுவாக ஏறியதில்லை. அடிப்பெட்டியை எடுத்து யார்டின் வாசலில் வைத்தபோது நான் படியிறங்கி அங்கே நின்றிருந்தேன். கதவைத் திறந்தது நானும் பாக்கியமும் சேர்ந்து. உள்ளிருந்து வந்த அனலில் இருவரும் பின்னால் போனோம். அவர் சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு, தரையோடு தரையாகப் படுத்து, கதவு இடுக்கில் மூக்கை வைத்திருந்தார். சுத்தியல் கையிலேயே இருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார். நாலு வருடத்துக்குப் பிறகு பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தில் பாதி தோல் உரிந்திருந்தாலும் குரல் பழைய குரல்தான்.

"கை கொடுத்தியாமே."

"யாரு சொன்னா?"

"பாக்கியம் ஊரு பூராச் சொல்லிட்டா."

"மிசின்கிட்டதான் கொடுத்தேன். உங்ககிட்ட இல்ல."

அவர் சிரித்தார். சிரித்ததும் உதடு வெடித்து ரத்தம் வந்தது, துணியால் ஒற்றிவிட்டேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அண்ணாச்சி, அன்னைக்கு உங்க யாரையும் கேக்காம நான் கையெழுத்துப் போட்டது தப்பு."

"தப்புதான்," என்றார். பரவாயில்லை என்றெல்லாம் சொல்லவில்லை. சொல்லாததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அஞ்சுன்னு தட்டணும்னு எப்படித் தோணுச்சு?"

"மேல ஒவ்வொரு பெட்டியா வந்து உக்காருத சத்தம் கேட்டுது. எண்ணுனேன். நாலாவது உக்காந்ததும் என்னையும் சேத்து அஞ்சு. இனி இது தொடாதுன்னு தெரிஞ்சிட்டு."

"அதத்தான் கேக்கேன். அது தொடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? செஞ்சவனுக்கே தெரியல. நான் நாலு வருசமா அது முன்னாடி உக்காந்திருக்கேன், எனக்கே தெரியல."

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமாத் தெரியும். நீ திரையப் பாக்க. நான் கீழ நின்னு பெட்டியப் பாக்கேன். அஞ்சு ஏறினதுல ஒண்ணக்கூடப் பிரிக்கல அது. மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. நம்ம இன்பென்டா போட்ட பூட்டுன்னு."

"ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா எடுத்துருவாவ. எங்க ஆட்டத்த எடுத்தாவ, வேலைய எடுத்தாவ. அதுக்குள்ள எங்களதுன்னு அப்படியே கெடந்தது அது ஒண்ணுதான். ஒருநாள் அதுவே அவங்கள மாட்டிவிடும், அன்னைக்கு எங்களத் தேடி வருவாவன்னு நெனச்சேன். காத்துக் கெடந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. படுத்திருக்கிற ஆள் என்றும் பார்க்கவில்லை. "கிறுக்காப் புடிச்சிருக்கு உங்களுக்கு? உள்ள மாட்டினது பாக்கியமா இருந்தா?"

"அதத்தான் உள்ள படுத்துக்கிட்டு யோசிச்சேன்." அவர் குரல் இறங்கியது. "உள்ள பாக்கியம் இருக்கா, நான் வெளிய நிக்கேன். ஓடி வந்து உன்கிட்ட சொல்லியிருப்பேனா, இல்ல, பாரு உங்க மிசின் லட்சணத்தன்னு கொஞ்ச நேரம் நின்னிருப்பேனா? எவ்வளவு நேரம் நின்னிருப்பேன்? எனக்கே தெரியல பிள்ள. சூட்டக்கூடத் தாங்கிட்டேன். அதத்தான் தாங்க முடியல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் திட்ட எனக்கு அருகதை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டவள், அவர் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் அறியாத பாக்கியம், கதவைச் சாத்தியது நான்தானே என்று வீட்டில் சாப்பிடாமல் கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டேன். சுதர்சனன்.

"மேடம், சார் எப்படி இருக்காரு? இன்னிக்கே மறுபயிற்சி ஆரம்பிக்கிறோம். அந்த அஞ்சடுக்கு விதிய எடுத்திடுவோம். ஒண்ணு மட்டும் கேக்கணும். உங்க கூட்டத்துல நீங்களா வச்சுக்கிட்ட விதி வேற ஏதாவது இருந்துச்சா? எழுதி வைக்காத பழக்கம் எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதுவும் உள்ளதான் இருக்கும்."

நான் போனை அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். சொல்லிவிட்டால் மாப்பிள்ளைக்குள் அவருடையது என்று ஒன்றும் இருக்காது, எங்கள் யாருடையதும் இருக்காது. அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நீட்டிய கையை நான் இறக்கவில்லை.

குளுக்கோஸ் ஏறாத கையால் வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, நான் சந்தியாகு பேசுதேன். பேனா இருக்கா? எழுதிக்கிடுங்க. அஞ்சடுக்குப் போக இன்னும் ஆறு இருக்கு."

நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் எண்ணினேன். எனக்குத் தெரிந்து நாலுதான்.